வெளியே ஒரு முகவரி

பிள்ளைக்காம்பரா சுவரில் ஆணி இறங்க மாட்டேன் என்கிறது.
வெள்ளைக்காரன் காலத்துக் கல்.
நிஷாந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு
"மெதுவா மச்சான்" என்கிறான்.
கீழே தொட்டிலில் இரண்டு தூங்குகின்றன,
ஒன்று என்னையே பார்க்கிறது.

ரவுட்டருக்கு நான்கு விளக்கு.
மூன்று பச்சை. ஒன்று யோசிக்கிறது.
மஸ்கெலியாக் கோபுரத்துக்கும் நமக்கும் நடுவில்
பின்னேரத்து மூட்டம்.

இரண்டு லயம், இருபத்துநாலு வாசல்.
வரும் ஒவ்வொரு போனுக்கும்
இது ஓர் எண் கொடுக்கும்,
உள்ளே மட்டும் செல்லும் எண்:
தோட்டத்துக் கடையின் கடன் துண்டு மாதிரி,
டவுனில் நீட்டினால் சிரிப்பார்கள்.
வெளியுலகத்துக்கு
எல்லோருக்கும் சேர்த்து ஒரே முகவரி.

"ஒண்ணே ஒண்ணா?
அப்ப எனக்கு வர்றது எப்படி எனக்கே வரும்?"
பிள்ளை பார்க்கும் டெலிசியா,
ஒரு கையில் போன், மறு கையில் பால்மா டின்.
பீலிப்பக்கமிருந்து எண்ணினால்
ஆறாவது காம்பரா.

சொன்னேன்:
நீங்கள் ஒன்றைக் கேட்டு அனுப்பும்போது
இது உங்கள் எண்ணை அழித்துத்
தன் எண்ணை எழுதும்.
அழிக்குமுன் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளும்,
யார் கேட்டது, எங்கே கேட்டது,
பதில் திரும்பி வரவேண்டிய கதவு எது.
பதில் வந்ததும் கொப்பியைப் பார்த்து
மறுபடி அழித்து, மறுபடி எழுதி
உங்கள் வாசலில் போடும்.
நொடிக்கு ஆயிரம் தடவை.
ஒன்றையாவது மேசையில் போட்டுவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போகாது.

கடைசி வரி எங்கிருந்து வந்ததென்று
நிஷாந்தவுக்குத் தெரியாது.

என் தோட்டம் அந்தப்பக்கத்து மலை.
எனக்கும் முகவரி இருந்தது:
எஸ். யோகராஜா, மேப்பிரிவு, தோட்டத்தின் பேர்.
மேப்பிரிவில் நாங்கள் நாலு யோகராஜா.
இரண்டு பேருக்கு இனிஷியலும் அதே.
நேர்முகப் பரீட்சைக் கடிதம்
கொழும்பிலிருந்து ஆபிஸ் வரை
ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்தது.
கதவு எண் அதில் இல்லை.
கதவில் இருந்தால்தானே கடிதத்தில் இருக்கும்.
கிளாக்கர் மேசையில்
சம்பளத் துண்டுகளுக்கு அடியில் பதினேழு நாள் கிடந்தது.
நேர்முகம் பதினோராம் நாள்.

"நாம கேக்காம வர்றது?"

கொப்பியில் இல்லாததைக் கீழே போட்டுவிடும்.
சத்தம் வராது.
அனுப்பியவனுக்கும் சொல்லாது.

"அப்ப லோன்காரன் வரமாட்டான்!"
சிரித்ததில் மூன்றாவது பிள்ளையும் தலை தூக்கியது.
லோன்காரன் நேரே போன் எடுப்பான் என்று
நான் சொல்லவில்லை.

இன்னொரு விதி இருக்கிறது, அதையும் சொல்லவில்லை.
கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தால்
கொப்பியின் அந்த வரியை இது அழித்துவிடும்.
இடம் வேண்டுமே, அடுத்தவர்களுக்கு.
பிறகு வரும் பதில் நியாயமான பதில்தான்,
நியாயமாகவே கீழே விழும்.
நான் விண்ணப்பம் போட்டு
எட்டு மாதம் பேசாமல் இருந்தேன்.
பேச யாரிடம் போவது, அதுவும் தெரியாது.

நாலாவது விளக்கு பச்சை.
டெலிசியாவின் போன் துடித்தது, மறுபடி துடித்தது,
குவைத்திலிருந்து ஒரு வாரத்துக் குரல்கள்
வரிசையாக வந்து நின்றன.
அவள் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நிஷாந்த ஏணியை மடக்கினான்.

கம்பனிப் படிவம்.
வாடிக்கையாளர் முகவரி: ஒரு வரி.
தோட்டத்தின் பேரை எழுதினேன், பிரிவை எழுதினேன்.
"ஆறாம் காம்பரான்னும் போடுங்க,"
திரும்பாமலே சொன்னாள்.
கோடு முடிந்திருந்தது.
ஓரத்தில், செங்குத்தாக, சின்ன எழுத்தில் போட்டேன்.
கம்பனியில் அதை யாரும் கணினியில் ஏற்றமாட்டார்கள்.

தகரத்தில் மழை விழத் தொடங்கியது.
நாலாவது விளக்கு
மறுபடி யோசிக்கிறது.